எதிரே வருபவரின் கண்கள்

வட்டுக்கோட்டையில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு அராலி வீதியால் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். மஃரிப் தொழுதுவிட்டுப் புறப்பட்டதால் நன்றாக இருட்டிவிட்டது. என் கணவர் வேனை ஓட்டினார். பின்னால் சேலை, சாரம், சட்டைத்துணி மூட்டைகள். முன் ஆசனத்தில் நானும், அன்று தைப்பதற்கு வாங்கிய சட்டைத்துணிகள் நிறைந்த பையும். சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். பெண்கள் அளவு கொடுக்க என்னிடம்தான் வருவார்கள்.

எதிரே ஒரு சைக்கிள் வந்தது. வந்தது என்று தெரிந்ததே அது மறைந்த பிறகுதான். வெள்ளை வேட்டி ஒன்று ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த கணம் வீதியில் யாரும் இல்லை. இவர் வேனை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். வீதியோரக் கானுக்குள் ஒரு பெரியவர் விழுந்து கிடந்தார். அவர் மேல் சைக்கிள். சைக்கிளின் மேல் சந்தைக்குக் கொண்டுபோன வெறும் சாக்கு.

தூக்கி இருத்தினோம். இடது கையை அசைக்க முடியவில்லை அவருக்கு. ஆனாலும் கோபப்படவில்லை. "என்னிலை பிழை இல்லைத் தம்பி. உங்கடை வெளிச்சம் கண்ணுக்குள்ளை அடிச்சுது. றோட்டும் தெரியேல்லை, கானும் தெரியேல்லை" என்றார்.

"நான் டிம்மிலைதானே வந்தனான் ஐயா" என்றார் இவர். உண்மைதான். டிம்மில்தான் வந்தோம். ஆனால் அந்தப் பதில் யாருக்கு உதவும்? எங்கள் வேன் அவரைத் தொடவில்லை, எங்கள் வெளிச்சம்தான் அவரைத் தள்ளி விழுத்தியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு கிழமைக்குச் சைக்கிள் இல்லை. சைக்கிள் இல்லையென்றால் சங்கானைச் சந்தை இல்லை. சந்தை இல்லையென்றால் அவருடைய கீரைப் பாத்திக்கு வேலை இல்லை.

அன்றிரவு இவர் உறங்கவில்லை. அல்லாஹ்வுக்குச் செய்யவேண்டிய கடமையில் குறை வைத்தால் அவனிடம் தவ்பாச் செய்யலாம். அடியாருக்கு இழைத்த தீங்கை அந்த அடியார்தான் மன்னிக்க வேண்டும். ஹுகூகுல் இபாத் என்று ஆலிம்கள் பயானில் சொல்லும்போதெல்லாம் கடனையும் புறம்பேசுதலையும்தான் நாங்கள் நினைத்திருக்கிறோம். வேனின் விளக்கு அந்தக் கணக்கில் வரும் என்று நினைத்ததில்லை.

மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போனோம். இவர் கையில் ஒரு தொகையை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பெரியவர் பணத்தை மறுக்கவில்லை. ஆறு கிழமை வருமானம் போய்விட்டதே! ஆனால் சொன்ன வார்த்தை இது: "காசு இருக்கட்டும். முதல்லை அந்த லைற்றைச் சரியாக்குங்கோ தம்பி. இல்லாட்டி நாளைக்கு இன்னொருத்தன் விழுவான்."

பணத்தால் முடிந்துவிடும் என்று நாங்கள் நினைத்த காரியத்தில் அவர் ஒரு நிபந்தனையை வைத்துவிட்டார்.

ஒரு மாதத்துக்கு முன்தான் விளக்கில் ஒரு பல்ப் எரிந்துபோய், ஒரு கராஜில் புதிது போட்டிருந்தோம். இவர் அங்கேயே வேனைக் கொண்டுபோனார். நண்பகல் வெயிலில், வெறும் வேனில் ஒரு ஸ்குரூவைச் சற்றுத் திருப்பிவிட்டு, சரி என்று அனுப்பிவிட்டார்கள். எதைப் பார்த்துச் சரி என்றார்கள் என்று இவருக்கும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அன்றிரவு எதிரே வந்த வாகனங்கள் எல்லாம் எங்களைப் பார்த்து விளக்கை அடித்து அடித்துப் போயின. அதற்கு முன்பும் அப்படித்தான் அடித்திருப்பார்கள். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்திருப்போம்.

இந்த இடத்தில் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கிக் கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்த ஊர் அது. அந்த ஊர் மாஸ்டருக்கு எதையும் அளந்து பார்க்காமல் நம்பத் தெரியாது. என் மாமனாரின் துணிக்கடையில் அவர் பழைய வாடிக்கையாளர். 1990 அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடையும் போனது, கணக்குப் புத்தகமும் போனது. புத்தளத்தில் அகதி வாழ்க்கை. மாமனார் அங்கேயே மௌத்தானார். நாங்கள் திரும்பி வந்து வேனில் துணி கட்டி ஊர் ஊராகப் போகத் தொடங்கிய காலத்தில், வட்டுக்கோட்டைச் சந்தியில் இவருடைய முகத்தைப் பார்த்து, "நீர் சோனகத் தெருக் கடைக்காரரின்ரை மகனோ?" என்று கேட்டவர் மாஸ்டர். அன்று முதல் அவருடைய வளவில்தான் வேன் நிற்கும். லுஹர் தொழுவதற்கென்று மாஸ்டரின் மனைவி ஒரு பாயைத் தனியாகச் சுருட்டி வைத்திருக்கிறார்.

மாஸ்டரிடம் ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இந்த மொரிசும் ஒஸ்டினும் யுத்தத்தையும் தாண்டி ஓடியவை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத காலத்தில், கொஞ்சம் பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைத் தொடக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மின்சாரமும் இல்லை. வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றினார்கள். உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் ஒவ்வொருவரும் தன் வாகனத்துக்குத் தானே மெக்கானிக். அந்தப் பழக்கம் மாஸ்டரை இன்னும் விடவில்லை.

நடந்ததைச் சொன்னோம். அவர் முதலில் கேட்டது, "கராஜுக்குப் போகேக்கை துணிமூட்டை வேனுக்குள்ளை இருந்ததோ?"

"இல்லை மாஸ்டர், இறக்கி வைச்சிட்டுத்தான் போனனான்."

"வேன் றோட்டிலை ஓடேக்கை?"

"மூட்டையோடைதான்."

"அப்ப பின்பக்கம் பதியும், மூக்கு நிமிரும். லைற்றும் நிமிரும். எப்பிடி ஓடுறீரோ அப்பிடி வைச்சுத்தான் பார்க்கவேணும்."

எங்கள் வியாபாரத்தில் எல்லாம் விற்றுத் தீர்ந்து வெறும் வேனாகத் திரும்பிய நாள் என்று ஒன்று இருந்ததில்லை. ஆகவே பாரத்தோடுதான் எப்போதும் ஓட்டம்.

அடுத்த சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். வீட்டில் வாகனம் உள்ள சகோதரிகளுக்கு உதவும் என்பதால் முறையை விவரமாகவே சொல்கிறேன். தேவையானவை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தட்டையான தரை, ஒரு வெள்ளை மதில், ஒரு அளவுநாடா, ஒரு கட்டி, ஒரு ஸ்குரூ டிரைவர். நாடாவும் துணியில் கோடு போடும் கட்டியும் என் தையல் பையிலேயே இருந்தன.

முதலில் நான்கு சில்லுகளுக்கும் காற்றைச் சரிபார்த்தோம். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தால் வெளிச்சமும் அந்தப் பக்கம் சாயும். வழக்கமான மூட்டைகளை ஏற்றினோம். சாரதி ஆசனத்தில் இவர் உட்கார்ந்தார். விளக்குக் கண்ணாடிகளைத் துடைத்தோம்.

மாஸ்டரின் முற்றம் சீமெந்து போட்டது, மதில்வரை ஒரே மட்டம். மணல் முற்றம் இதற்கு உதவாது. வேனை மதிலுக்கு முட்டுமாப்போல் நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுவுக்கும் நேரே மதிலில் ஒரு சிலுவைக்கோடு போட்டேன். நிலத்திலிருந்து 30 அங்குலம் வந்தது. இரண்டு நடுக்களையும் இணைத்துக் குறுக்கே ஒரு நீண்ட கோடு. பிறகு வேனைத் திருப்பாமல் நேர் பின்னுக்கு எடுக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "25 அடி" என்றார் மாஸ்டர். தையல் நாடா 60 அங்குலம், அதாவது 5 அடி. ஐந்து தரம் வைத்தால் சரியாக 25 அடி! இவ்வளவு காலம் கையையும் கழுத்தையும் அளந்த நாடா அன்று வெளிச்சத்தை அளந்தது.

மஃரிபுக்குப் பிறகு டிம் விளக்கைப் போட்டோம். இரண்டும் சேர்ந்து எரிந்தால் எது எதன் வெளிச்சம் என்று தெரியாது. அதனால் ஒன்றை மடித்த சாக்கால் மறைத்தோம். (அதிக நேரம் மறைத்து வைக்கக் கூடாது. சூடேறும்.) இடதுபக்க விளக்கின் வெளிச்சத்துக்கு மேல்விளிம்பு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அது என் கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. வலதுபக்கம் மாறியபோது விளிம்பே இல்லை. புகை பரவியதுபோல் வெளிச்சம் கோட்டுக்கு மேலே 3 அங்குலமும் அதற்கு மேலும் சிதறிக் கிடந்தது.

மாஸ்டர் அதே கட்டியால் மதிலில் கணக்குப் போட்டார். 25 அடி என்றால் 300 அங்குலம். அந்தத் தூரத்தில் வெளிச்சத்தின் விளிம்பு விளக்கின் மட்டத்திலிருந்து 3 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று. அப்படி இறங்கிக்கொண்டே போனால் 250 அடியில் அது நிலத்தைத் தொடும். ஓட்டுபவருக்கு வீதி தெரியும். இறங்குவதற்குப் பதிலாக 3 அங்குலம் ஏறினால்? அதே 250 அடியில் 30 அங்குலம் கூடி 60 அங்குலமாகும். ஐந்து அடி.

"சைக்கிளிலை வாற மனுசன்ரை கண் எந்த உயரத்திலை இருக்கும், பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. பெரியவர் கானுக்குள் இருந்து எழும்பிய காட்சிதான் கண்ணில் நின்றது. மதிலில் மூன்று அங்குலம், ஒரு தையல் மடிப்பின் அகலம். வீதியில் அது ஒரு மனிதருடைய கண்.

ஸ்குரூவைத் தொடுமுன் மாஸ்டர் வலதுபக்க பல்பைக் கழற்றச் சொன்னார். இந்த வகை பல்புக்கு மூன்று காதுகள் உண்டு. மூன்றும் அதற்குரிய பள்ளத்தில் சரியாக அமர்ந்து கம்பிக் கொளுக்கி மாட்டப்பட வேண்டும். எங்கள் பல்பில் ஒரு காது பள்ளத்துக்கு வெளியே நின்றது. சட்டையின் முதல் பொத்தானைப் பிழையான துளையில் மாட்டினால் கீழே உள்ள அத்தனையும் கோணுவதுபோல், அந்த ஒரு காதால் முழு வெளிச்சமும் கோணியிருந்தது. கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து மீண்டும் இருத்தியதும், மதிலில் விளிம்பு கூர்மையாக வந்தது. ஸ்குரூவைத் திருப்புமுன் பல்பைப் பாருங்கள் என்பதே அன்று நாங்கள் கற்ற முதல் பாடம்.

பிறகு திருகல். எங்கள் வேனில் விளக்கின் பின்புறத்தில் இரண்டு ஸ்குரூக்கள். ஒன்று வெளிச்சத்தை மேலும் கீழும் நகர்த்தும், மற்றது இடமும் வலமும். மொரிசில் என்றால் முன்னால் உள்ள வெள்ளி வளையத்தைக் கழற்ற வேண்டும், உள்ளே மேலே ஒன்றும் பக்கத்தில் ஒன்றும் இருக்கும் என்று மாஸ்டர் காட்டினார். கால் சுற்றுச் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். இரண்டு விளக்குகளையும் கோட்டுக்கு 3 அங்குலம் கீழே இறக்கினோம். நம் நாட்டில் இடதுபக்கமாக ஓடுவதால், டிம் வெளிச்சம் எதிரே வருபவர் இருக்கும் வலதுபக்கத்தில் தாழ்ந்தும், நடந்துபோவோர் இருக்கும் இடதுபக்கத்தில் சற்று உயர்ந்தும் விழும்படி விளக்கைச் செய்கிறார்கள். அந்த வெளிச்சம் உயரத் தொடங்கும் மூலை விளக்கின் நடுக்கோட்டுக்கு நேரே வரவேண்டும். (ஐரோப்பாவிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் விளக்கு இங்கே ஆகாது. பிரிட்டன் தவிரப் பெரும்பாலான அந்த நாடுகளில் வலதுபக்க ஓட்டம். அந்த விளக்கு எதிரே வருபவர் பக்கம்தான் உயரும்.) கடைசியாக வேனின் முன்பக்கத்தை நாலு தரம் அழுத்தி ஆட்டிவிட்டு, வெளிச்சம் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தோம். நின்றது.

இஷாவுக்கு முன் வேலை முடிந்துவிட்டது. ஆனால் இவர் திருப்திப்படவில்லை. வேனை ஒழுங்கையில் கொண்டுபோய் நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டு, மாஸ்டரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தூரப் போனார். அங்கிருந்து எங்களை நோக்கி மெதுவாக வந்தார். இறங்கியதும் ஒன்றும் பேசாமல் சைக்கிளை என்னிடம் தந்தார். நானும் அதை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி நடந்து வந்தேன். வீதியும் தெரிந்தது. வேலியோரமும் தெரிந்தது. வெளிச்சம் என் முழங்காலில் விழுந்தது, கண்ணில் விழவில்லை.

இந்த வேனை நாங்கள் வாங்கிப் பல வருடம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய வேனைக் குழந்தையைப்போலப் பராமரித்தோம். எண்ணெய் மாற்றினோம், ரயர் மாற்றினோம், வருடந்தோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுத்தோம். ஆனால் ஒரு இரவாவது அதன் எதிரே நின்று பார்த்ததில்லை. உள்ளே இருப்பவருக்கு உயர்ந்த வெளிச்சம் நல்ல வெளிச்சமாகத்தான் தெரியும். குறை எதிரே இருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

வீதியோரத்தில் உட்காருவதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்னதையும், தங்களுக்கு வேறு இடம் இல்லையே என்று அவர்கள் கூறியபோது, அப்படியானால் வீதிக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபியவர்கள் பணித்ததையும் நாம் படித்திருக்கிறோம். அந்த உரிமைகளில் முதலாவதாகச் சொல்லப்பட்டது பார்வையைத் தாழ்த்துவது. அடுத்தது பிறருக்குத் தொல்லை கொடுக்காதிருப்பது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதும் நாம் அறிந்ததே. கல்லையும் முள்ளையும் அகற்றும் நாம், நாமே தொல்லையாகி வீதியில் போவதைக் கவனிப்பதில்லை. வாகனத்தின் பார்வை அதன் விளக்குத்தானே! அதையும் தாழ்த்தத்தான் வேண்டும்.

சகோதரிகளே, வாகனம் ஆண்களின் காரியம் என்று இதை விட்டுவிடாதீர்கள். இருட்டிய பிறகு ரியூசன் முடிந்து சைக்கிளில் வருவது நம் பிள்ளைகள். பள்ளிக்குப் போய்த் திரும்புவது நம் வாப்பாமார். வயது போனவர்களின் கண், அதிலும் வெண்படலம் தொடங்கிய கண், கூசும் வெளிச்சத்திலிருந்து மீளப் பல விநாடிகள் எடுக்கும். அந்த விநாடிகளில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவதற்குச் சமம். எதிரே வருபவர்கள் உங்கள் வாகனத்தைப் பார்த்து அடிக்கடி விளக்கை அடித்தால் அது ஒரு முறைப்பாடு. பல்ப் மாற்றிய அன்றும், முன்பக்கம் எதிலாவது முட்டிய அன்றும், பாரம் ஏற்றும் பழக்கம் மாறும்போதும் மதிலின் முன் நிறுத்திப் பாருங்கள். புதிய வாகனங்கள் சிலவற்றில் பாரத்துக்கு ஏற்ப விளக்கைத் தாழ்த்த, ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு திருகு உண்டு. அது இருப்பதையே பலர் அறியார். கூடிய வெளிச்சம் வேண்டுமென்று அளவுக்கு மிஞ்சிய பல்பையும், பழைய விளக்குக்குள் பொருந்தாத எல்.ஈ.டி. பல்பையும் போடச் சொல்லி வீட்டுக்காரரை வற்புறுத்தாதீர்கள்.

ஆறு கிழமை கழிந்து பெரியவரின் மாவுக்கட்டை வெட்டினார்கள். அவர் மறுபடியும் சைக்கிளில் சந்தைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு மாலை இவர் அவர் வீட்டு ஒழுங்கையில் வேனை நிறுத்தி, டிம் விளக்கைப் போட்டு, "ஐயா, ஒருக்கா முன்னாலை வந்து பாருங்கோ" என்றார். பெரியவர் படலையைத் திறந்துகொண்டு வந்து வேனுக்கு எதிரே நின்றார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"இப்ப தம்பியின்ரை முகம் தெரியுது" என்றார்.

"மன்னிச்சிட்டீங்களோ ஐயா?" என்று இவர் கேட்டார்.

"அது அண்டைக்கே மன்னிச்சாச்சு. இது மற்றச் சனத்துக்கு" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு பிடி கீரையைக் கொண்டுவந்து என் பக்கக் கண்ணாடியால் நீட்டினார். அல்ஹம்துலில்லாஹ்.

அன்று கல்லுண்டாய் வெளியைக் கடந்து வந்தபோது எதிரே பல வாகனங்கள் வந்தன. ஒருவரும் எங்களைப் பார்த்து விளக்கை அடிக்கவில்லை.